அமெரிக்கால மெடிக்கல் அசிஸ்டன்ட் வேலை: சர்டிபிகேட் யாருக்கு, எதுக்கு, எந்த ஸ்டேட்ல

அமெரிக்கால டாக்டரைப் பார்க்கப் போனா முதல்ல கண்ணுல படுறது டாக்டர் இல்ல. ஸ்க்ரப்ஸ் போட்ட ஒருத்தர் கதவைத் திறந்து உங்க பேரை ஒரு மாதிரி உடைச்சு கூப்பிட்டு (நம்ம பேரெல்லாம் அவங்க வாயில என்ன பாடு படும்னு தெரியும்ல), உள்ள கூட்டிட்டுப் போய் வெயிட் பார்த்து, பிரஷர் பார்த்து, என்ன பிரச்சனைன்னு கேட்டு கம்ப்யூட்டர்ல தட்டி, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு ஒவ்வொண்ணா படிச்சு சரிபார்த்துட்டு, டாக்டர் இப்போ வருவாங்கன்னு சொல்லிட்டு கிளம்பிடுவாங்க. ஊர்லேர்ந்து வந்திருக்கிற அம்மா அப்பா எல்லாம் அவங்களை நர்ஸம்மான்னு தான் சொல்லுவாங்க, நாமளும் அப்படித்தான் சொல்றோம். ஆனா சாதாரண ஃபேமிலி கிளினிக்ல பெரும்பாலும் அவங்க நர்ஸ் இல்ல, மெடிக்கல் அசிஸ்டன்ட். சுருக்கமா எம்ஏ, படிப்பு எம்.ஏ. கூட குழப்பிக்காதீங்க.

இதை எழுத காரணம், இங்க இருக்கிற நம்ம வாட்ஸ்அப் குரூப்ஸ்ல அடிக்கடி வர்ற ஒரே கேள்வி. "ஆறு மாச கோர்ஸாம், முடிச்சா கிளினிக்கல் மெடிக்கல் அசிஸ்டன்ட் சர்டிபிகேட்டாம், சேரலாமா?" இதுக்கு சேரு, சேராதன்னு ரெண்டே பதில் தான் வருது, அந்த சர்டிபிகேட் உண்மையில என்னன்னு யாரும் சொல்றது இல்ல. அது லைசன்ஸ் இல்ல. அது உங்களுக்கு வேலை வாங்கித் தரலாம், ஆனா ஊசியை எடுக்கலாமா கூடாதான்னு முடிவு பண்றது ஸ்டேட் சட்டமும் உங்களுக்கு மேல இருக்கிற டாக்டரும் தான். இந்த வித்தியாசம் புரியாம ஃபீஸ் கட்டினவங்க நிறைய பேர்.

முதல்ல வேலையைப் பார்ப்போம். எம்ஏ வேலைல ரெண்டு பக்கம் இருக்கு. ஒண்ணு ஆபீஸ் பக்கம்: போன் எடுக்கிறது, அப்பாயின்ட்மென்ட், இன்சூரன்ஸ்காரன்கிட்ட முன் அனுமதி வாங்குறது, மருந்து ரீஃபில் கேட்டு வர்ற மெசேஜை டாக்டருக்கு அனுப்புறது. இன்னொண்ணு கிளினிக்கல் பக்கம்: நோயாளியை ரூம்ல உட்கார வைக்கிறதுல ஆரம்பிச்சு, ரத்தம் எடுக்கிறது, ஈசிஜி எடுக்கிறது, ஊசி போடுறது, யூரின் டெஸ்ட், தொண்டைல ஸ்வாப் எடுத்து ஸ்ட்ரெப் டெஸ்ட், டாக்டர் சின்ன ப்ரொசீஜர் பண்ணும்போது கூட நிக்கிறது. சின்ன கிளினிக்ல ரெண்டையும் ஒரே ஆள் பார்ப்பாங்க. காலைல ரிசப்ஷன்ல போன் எடுத்தவங்களே மத்தியானம் ரத்தம் எடுக்க உங்க கைல டூர்னிக்கெட்டை (இறுக்கிக் கட்டுற ரப்பர்) கட்டுவாங்க.

வெளியிலேர்ந்து பார்த்தா ஈஸியான வேலை மாதிரி தெரியும். ரத்தம் எடுக்கிறதை மட்டும் கொஞ்சம் கிட்ட போய் பாருங்க. டியூப் மூடியோட கலர் எல்லாம் சும்மா அழகுக்கு இல்ல, ஒவ்வொரு கலருக்குள்ளயும் வேற வேற கெமிக்கல், அதனால எதை முதல்ல நிரப்பணும் எதை அப்புறம் நிரப்பணும்னு ஒரு வரிசை இருக்கு. பிளட் கல்ச்சர் இருந்தா அது முதல்ல, அப்புறம் ரத்தம் உறையுற நேரம் பார்க்கிற வெளிர்நீல மூடி, அப்புறம் சிவப்பு இல்லன்னா தங்கக் கலர், அப்புறம் பச்சை, அப்புறம் லாவண்டர், கடைசில சாம்பல். லாவண்டர் டியூப்ல இருக்கிறது பொட்டாசியம் கலந்த இடிடிஏ, ரத்தம் உறையாம தடுக்கிற கெமிக்கல். இப்போ யாராவது அவசரத்துல லாவண்டரை முதல்ல நிரப்பிட்டு அதே ஊசில தங்க மூடியை நிரப்பினாங்கன்னு வைங்க, ஒரு துளி ஒட்டிக்கிட்டு வந்தாலே ரிப்போர்ட்ல பொட்டாசியம் கன்னாபின்னான்னு ஏறியும் கால்சியம் இறங்கியும் வரலாம், டாக்டர் பதறிப் போய் ராத்திரி போன் போட்டு எமர்ஜென்சிக்கு ஓடுன்னு சொல்லுவாங்க, அங்க மறுபடியும் ரத்தம் எடுத்தா எல்லாம் நார்மல். உடம்புல ஒண்ணும் இல்ல, எல்லாம் டியூப் மாறினதால வந்தது. டூர்னிக்கெட்டை ஒரு நிமிஷத்துக்கு மேல இறுக்கி வைக்கக் கூடாது, லேபிளை நோயாளி பக்கத்துல நிக்கும்போதே ஒட்டணும், இப்படி சின்னச் சின்ன விஷயம் தான் எல்லாம், ஆனா ஒண்ணை விட்டாலும் தப்பு யார் தலையிலயாவது விடியும்.

பிரஷரும் அப்படித்தான். அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார வைக்கணும், கால் ரெண்டும் தரைல பதியணும், காலை குறுக்க போட்டிருக்கக் கூடாது, கையைத் தாங்கி இதயம் இருக்கிற உயரத்துல வைக்கணும், பேசக் கூடாது, கைக்குப் பொருத்தமான சைஸ்ல பட்டை இருக்கணும். பெரிய கைக்கு சின்னப் பட்டை போட்டா பிரஷர் அதிகமா காட்டும். நிஜத்துல என்ன நடக்குது? கார் பார்க்கிங் கிடைக்காம ஓடி வந்த ஆளை உட்கார வெச்ச உடனே பட்டையைச் சுத்தி, "இன்சூரன்ஸ் மாறியிருக்கா?"ன்னு கேட்டுக்கிட்டே பட்டனை அமுக்குறாங்க. அந்த நம்பரை நம்பி மாத்திரை டோஸ் ஏத்துறாங்க. பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு நோயாளின்னு ஷெட்யூல் போட்டா அந்த அஞ்சு நிமிஷத்துக்கு எங்க போறது, அதனால எம்ஏவை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

எம்ஏ எதைச் செய்யக் கூடாதுங்கிறது இதை விட முக்கியம். அவங்க கேட்கலாம், அளக்கலாம், எழுதலாம். என்ன நோயா இருக்கும்னு சொல்லக் கூடாது, ஈசிஜியை எடுக்கலாம் ஆனா படிச்சு அர்த்தம் சொல்லக் கூடாது, போன்ல ஒருத்தர் நெஞ்சு வலிக்குதுங்கன்னா அது அவசரமா இல்லையான்னு தன் புத்தியை வெச்சு முடிவு பண்ணக் கூடாது, டாக்டர் எழுதிக் கொடுத்த கேள்விகளைக் கேட்டு பதிலை மேல கடத்தணும். தன்னை நர்ஸ்னு சொல்லிக்கிறதும் கூடாது, நிறைய ஸ்டேட்ல அந்தப் பேருக்கு சட்டப் பாதுகாப்பு இருக்கு. நம்ம ஊர்ல பத்து வருஷம் ஐசியூல நர்ஸா இருந்துட்டு இங்க எம்ஏவா சேர்றவங்களுக்கு இது தான் ரொம்ப கஷ்டம், கண்ணு முன்னாடி என்ன நடக்குதுன்னு நல்லா தெரியும், ஆனா வாயைத் திறந்து முடிவு சொல்ல முடியாது.

இப்போ சட்டம். ஃபெடரல் அளவுல எம்ஏவுக்கு லைசன்ஸ்னு ஒண்ணு கிடையவே கிடையாது, எல்லாம் ஸ்டேட் ஸ்டேட்டா மாறும். கலிஃபோர்னியாவை எடுத்துக்கோங்க. அங்க எம்ஏ லைசன்ஸ் இல்லாத ஊழியர்னே மெடிக்கல் போர்டு சொல்லுது, சர்டிபிகேட்டும் சட்டப்படி கட்டாயம் இல்ல, இன்னொரு எம்ஏவுக்கு ட்ரெயினிங் கொடுக்கிற ஆளா இருந்தா தான் கேட்பாங்க. ஆனா பயிற்சி கட்டாயம்: ஊசி போட 10 மணி நேரப் பயிற்சி, ரத்தம் எடுக்க தனியா 10 மணி நேரம், ஒவ்வொரு வகை ஊசியையும் குறைஞ்சது 10 தடவை மேற்பார்வைல சரியா போட்டுக் காட்டணும். மருந்தையும் டோஸையும் லைசன்ஸ் உள்ள ஒருத்தர் பார்த்து சரின்னு சொன்ன பிறகு தான் ஊசியே போடலாம். டாக்டரோ, அவங்க எழுத்துப்பூர்வமா பொறுப்பு கொடுத்த நர்ஸ் ப்ராக்டிஷனர் (கூடுதலா படிச்ச நர்ஸ்) மாதிரி ஒருத்தரோ அந்த இடத்துல இருக்கணும். நரம்புல ஐவி ஏத்துறது அங்க எம்ஏ வேலையே இல்ல, மரத்துப் போக வைக்கிற ஊசியும் கூடாது.

நியூஜெர்சி வேற மாதிரி, அங்க ஊசி போடற வேலையை டாக்டர் ஒரு எம்ஏகிட்ட கொடுக்கணும்னா அந்த எம்ஏ சர்டிஃபைடா இருக்கணும். வாஷிங்டன் ஸ்டேட் இன்னும் ஒரு படி மேல, 2013 ஜூலைலேர்ந்து ஸ்டேட் சுகாதாரத் துறைகிட்டயே பதிவு வாங்கணும், அதுலயும் சர்டிஃபைட், ரெஜிஸ்டர்ட், ரத்தம் எடுக்கிறவங்க, டயாலிசிஸ் பார்க்கிறவங்கன்னு பல வகை. சும்மா ரெஜிஸ்டர்டா இருந்தா ஒரு குறிப்பிட்ட கிளினிக் உங்களுக்குப் பொறுப்பு ஏத்துக்கிட்டதா அர்த்தம், வேற கிளினிக் மாறினா அந்தப் பதிவு உங்களோட வராது. ஆக கலிஃபோர்னியால இருக்கிற சான் ஹோசேல பண்ற வேலையை வாஷிங்டன் ஸ்டேட்ல இருக்கிற சியாட்டில்ல அதே கையால பண்ண முடியாம போகலாம், புருஷனுக்கு வேலை மாறி ஊர் மாறுற குடும்பங்கள் இதை முன்னாடியே யோசிக்கணும்.

சரி, நிறைய இடத்துல சட்டமே கேட்கலைன்னா ஏன் வேலை விளம்பரத்துல அடிக்கடி சர்டிஃபைட் வேணும்னு போடுறாங்க? இதுல ஒரு சுவாரசியமான பின்கதை இருக்கு, கோர்ஸ் விக்கிறவங்க யாரும் இதைச் சொல்றது இல்ல. 2009ல வந்த ஹைடெக்ங்கிற பேர் உள்ள சட்டப்படி பேப்பர் ஃபைலை விட்டுட்டு கம்ப்யூட்டர் ரெக்கார்டுக்கு மாறுற டாக்டருக்கு அரசாங்கம் பணம் கொடுத்துச்சு, மெடிகேர் (வயசானவங்களுக்கான அரசாங்க இன்சூரன்ஸ்) வழியா ஒரு டாக்டருக்கு அதிகபட்சம் 44,000 டாலர் வரைக்கும், மெடிகெய்ட் (வருமானம் குறைஞ்சவங்களுக்கானது) வழியா 63,750 வரைக்கும். சும்மா கம்ப்யூட்டர் வாங்கி வெச்சா போதாது, உருப்படியா பயன்படுத்தணும்னு அதுக்கு அளவுகோல் வெச்சாங்க. அதோட ரெண்டாம் கட்ட விதி 2012ல வந்துச்சு. மருந்து ஆர்டர்ல 60 சதவீதத்துக்கு மேல கம்ப்யூட்டர்ல நேரடியா போகணும், லேப், ஸ்கேன் ஆர்டர்ல 30 சதவீதத்துக்கு மேல. அந்த ஆர்டரை யார் டைப் பண்ணினா கணக்குல சேரும்? லைசன்ஸ் உள்ளவங்க பண்ணலாம், இல்லன்னா அங்கீகாரம் பெற்ற மெடிக்கல் அசிஸ்டன்ட் பண்ணலாம், அந்த அங்கீகாரத்தை வேலை கொடுக்கிற கிளினிக்கே கொடுத்துக்கக் கூடாது, வெளி அமைப்பு தான் கொடுக்கணும்.

அவ்வளவு தான், ஒரே வரி. பத்து வருஷமா அதே கிளினிக்ல கை தேர்ந்து வேலை பார்த்த எம்ஏ டைப் பண்ணினா கணக்குல வராது, பரீட்சை எழுதி பாஸ் பண்ணின புதுப் பொண்ணு டைப் பண்ணினா வரும். கிளினிக் முதலாளிங்க சும்மா இருப்பாங்களா, எல்லாரையும் பரீட்சை எழுதச் சொன்னாங்க. அந்தத் திட்டம் பேர் மாறி, விதியும் மாறிப் போச்சு, ஆனா ஒரு தடவை வேலை விளம்பரத்துல ஏறின தகுதி கீழ இறங்குமா என்ன. அதோட, யாராவது கேஸ் போட்டா வக்கீல் முன்னாடி காட்ட ஒரு காகிதம் இருக்கட்டும்ங்கிற பயமும் சேர்ந்துக்கிச்சு. நோயாளிக்கு நல்லதுன்னு தான் சர்டிபிகேட் வந்துச்சுன்னு விளம்பரத்துல போடுவாங்க, அதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா எனக்கு என்னமோ பணம் தான் முதல் காரணமா தெரியுது.

எந்த சர்டிபிகேட்? பேர் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதால நிறைய குழப்பம். சிஎம்ஏங்கிறது ஏஏஎம்ஏன்னு சொல்ற அமெரிக்க மெடிக்கல் அசிஸ்டன்ட்ஸ் சங்கம் கொடுக்கிறது, 1950கள்ல ஆரம்பிச்ச பழைய அமைப்பு. இதுக்கு முக்கிய வழி காஹெப் இல்லன்னா ஏபெஸ்ங்கிற அமைப்போட அங்கீகாரம் உள்ள கோர்ஸ் முடிச்சிருக்கணும், அதுல கிளினிக்ல நின்னு கத்துக்கிற ப்ராக்டிக்கம் கண்டிப்பா இருக்கும். பரீட்சைல 200 கேள்வி, 40 நிமிஷமா நாலு பகுதி, 200ல 180க்கு தான் மார்க், மீதி 20 அவங்க அடுத்த பரீட்சைக்கு டெஸ்ட் பண்ணிப் பார்க்கிற கேள்விங்க. 60 மாசத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும்.

சிசிஎம்ஏங்கிறது தான் கிளினிக்கல் மெடிக்கல் அசிஸ்டன்ட், இதை என்ஹெச்ஏன்னு 1989ல ஆரம்பிச்ச அமைப்பு கொடுக்குது. வாட்ஸ்அப்ல கேட்கிற ஆறு மாச கோர்ஸ் பெரும்பாலும் இதுக்குத் தான். ஹை ஸ்கூல் முடிச்சிருக்கணும், கடைசி 5 வருஷத்துக்குள்ள ஒரு பயிற்சி முடிச்சிருக்கணும், இல்லன்னா கடைசி 3 வருஷத்துல ஒரு வருஷம் வேலை பார்த்த அனுபவம் இருக்கணும், கோர்ஸே இல்லாம வேலைல இருந்தபடி எழுதுறவங்க இந்த வழில தான் வர்றாங்க. 3 மணி நேரம், 180 கேள்வி, அதுல 150க்கு மார்க், 500 வரைக்கும் போற ஸ்கேல்ல 390 எடுத்தா பாஸ். பாதிக்கு மேல கேள்வி நோயாளியை நேர்ல கவனிக்கிறது சம்பந்தமா தான் வரும், அதாவது மேல சொன்ன டியூப் கலர், பிரஷர் பட்டை, ஈசிஜி லீட் எங்க ஒட்டணும் மாதிரி. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 10 கிரெடிட் காட்டிப் புதுப்பிக்கணும். ஆர்எம்ஏன்னு ஒண்ணும் இருக்கு, அதை ஏஎம்டின்னு 1939லேர்ந்து இருக்கிற அமைப்பு கொடுக்குது.

இதுல எது ஒசத்தின்னு கேட்டா, பழைய டாக்டர்ஸ் சிஎம்ஏவுக்கு கொஞ்சம் மரியாதை ஜாஸ்தி கொடுப்பாங்க, பெரிய ஆஸ்பத்திரி குரூப் எல்லாம் இந்த சர்டிபிகேட் எல்லாத்தையும் ஒண்ணா தான் பார்க்கும். உங்க ஏரியால இருக்கிற வேலை விளம்பரத்தை வரிசையா படிச்சுப் பாருங்க, எந்த சர்டிபிகேட் பேர் திரும்பத் திரும்ப வருதோ அந்தப் பரீட்சையை எழுதுங்க. என்சிசிஏ (சர்டிபிகேட் திட்டங்களைச் சரிபார்க்கிற அமைப்பு) மாதிரி ஒரு அங்கீகாரம் இருக்கான்னு மட்டும் கண்டிப்பா பாருங்க. ஒரு வாரத்துல ஆன்லைன்ல சர்டிபிகேட் அனுப்புற கும்பலும் இருக்கு, அந்தக் காகிதத்தை ஃப்ரேம் போட்டு மாட்டலாம், அவ்வளவு தான்.

அடுத்து ஸ்கூல். இங்க தான் நான் கொஞ்சம் கோவமாவே எழுதுவேன். டிவில, பஸ்ல விளம்பரம் போட்டு, இன்னைக்கே சேருன்னு போன் மேல போன் போட்டு, லோனும் வாங்கிக் கொடுத்து எம்ஏ கோர்ஸை வித்த லாபக் கல்லூரிங்க கதை சின்னது இல்ல. கொரிந்தியன் காலேஜஸ், எவரெஸ்ட்ங்கிற பேர்ல ஊர் ஊருக்கு நடத்தினது, மெடிக்கல் அசிஸ்டிங் அதோட முக்கியமான சரக்குல ஒண்ணு. எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுச்சுங்கிற கணக்குலயே பொய் சொன்னாங்கன்னு கல்வித் துறை 30 மில்லியன் டாலர் அபராதம் போட்டுச்சு, 2015 ஏப்ரல்ல கடையை மூடிட்டாங்க. 2022ல அங்க படிச்ச 5,60,000 பேரோட 5.8 பில்லியன் டாலர் கடனை ஃபெடரல் அரசாங்கம் தள்ளுபடி பண்ணுச்சு. அந்த ஏழு வருஷம் கடன் தலைமேல தொங்கினபடி கிடந்தவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. அதனால சேர்றதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது, ப்ராக்டிக்கம் எந்த கிளினிக்ல, நீங்களே ஏற்பாடு பண்ணுவீங்களா இல்ல நானே தேடணுமா. நீயே தேடிக்கோன்னா எழுந்து வந்துடுங்க. கம்யூனிட்டி காலேஜ்ல (அரசாங்க உதவில நடக்கிற உள்ளூர் காலேஜ்) அதே கோர்ஸ் பெரும்பாலும் ரொம்பக் குறைஞ்ச காசுல கிடைக்கும். சில ஆஸ்பத்திரிங்க ஆள் கிடைக்காம சம்பளம் கொடுத்தே பயிற்சி தர்ற அப்ரென்டிஸ் திட்டமும் வெச்சிருக்காங்க, முதல்ல அதைத் தேடுங்க.

நம்ம ஆளுங்களுக்குன்னு சில விஷயம். ஹெச்4 விசால (ஹெச்1பி விசால வேலை பார்க்கிறவரோட துணைக்குக் கொடுக்கிறது) படிக்கலாம், தடையில்ல, ஆனா வேலை பார்க்க ஈஏடிங்கிற வேலை அனுமதி அட்டை வேணும், அது 2015 மே மாசத்துலேர்ந்து கொடுக்கிறாங்க, பொதுவா கணவருக்கோ மனைவிக்கோ ஐ-140 (கிரீன் கார்டுக்காக கம்பெனி போடுற மனு) அப்ரூவ் ஆகியிருக்கணும். இதைப் பார்க்காம கோர்ஸ் முடிச்சுட்டு கைல சர்டிபிகேட்டோட வீட்ல உட்கார்ந்திருந்தா, காத்திருக்கிற நேரத்துல சர்டிபிகேட் புதுப்பிக்கிற தேதியே வந்துடும்.

பிஎஸ்சி நர்சிங் முடிச்சவங்க நேரா என்கிளெக்ஸுக்கு (அமெரிக்க நர்ஸ் லைசன்ஸ் பரீட்சை) மோதுறது தான் நல்லது, எம்ஏவை இடைல வர்ற வருமானமா மட்டும் பாருங்க. பிஎஸ்சி ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் படிச்சவங்களுக்குத் தான் பெரிய ஏமாற்றம். சென்னைல மெட்ராஸ் மெடிக்கல் மிஷன்ல டாக்டர் கே.எம். செரியன் 1992ல ஆரம்பிச்சு வெச்ச படிப்பு அது, நல்ல படிப்பு தான், இதய ஆபரேஷன் தியேட்டர்ல கூட நின்னு வேலை பார்த்தவங்க அவங்க. ஆனா அமெரிக்கால பிஏங்கிற ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் மாஸ்டர்ஸ் டிகிரி, மருந்து எழுதுற அதிகாரம் உள்ள வேலை, அதுக்கான பரீட்சை எழுத இங்க அங்கீகாரம் உள்ள கோர்ஸ்லயே படிச்சிருக்கணும். பேர் ஒண்ணா இருக்கேன்னு நம்பி வந்துட்டு எம்ஏ வேலைல சேர்றவங்க உண்டு. எம்பிபிஎஸ் முடிச்சு யுஎஸ்எம்எல்இக்கு (அமெரிக்க டாக்டர் லைசன்ஸ் பரீட்சை) படிச்சுக்கிட்டே எம்ஏவா இருக்கிறவங்களும் உண்டு, அவங்களுக்கு சம்பளத்தை விட டாக்டர்கிட்ட பேர் எடுத்து சிபாரிசு லெட்டர் வாங்குறது தான் கணக்கு.

சம்பளம்? தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகக் கணக்குப்படி 2023 மே மாசம் எம்ஏவோட நடு சம்பளம் வருஷத்துக்கு 42,000 டாலர், மணிக்கு 20 டாலர் சொச்சம். அதே கணக்குல ரெஜிஸ்டர்ட் நர்ஸுக்கு 86,070. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் இருக்கிற பே ஏரியால வாடகை கட்டுறவங்களுக்கு முதல் நம்பர் என்ன பத்தும்னு நான் சொல்ல வேண்டியது இல்ல, சைல்ட் கேருக்கே போயிடும். ஆனா பத்து வருஷம் வீட்ல இருந்துட்டு மறுபடி வேலைக்குப் போறவங்களுக்கு, ஸ்கூல் பஸ் வர்ற நேரத்துக்குள்ள முடியற பார்ட்டைம் ஷிஃப்ட் கிடைச்சா, மனுஷங்களோட பழகுற வேலை, மோசம்னு சொல்ல மாட்டேன்.

ஒண்ணு மட்டும் நம்பாதீங்க, எம்ஏ ஆனா அப்படியே படிப்படியா நர்ஸ் ஆயிடலாம்னு கோர்ஸ்காரங்க சொல்றதை. எம்ஏ கோர்ஸ்ல படிச்ச பாடம் நர்சிங் டிகிரிக்கு கிரெடிட்டா போறது அபூர்வம், அனுபவம் இன்டர்வியூல உதவும், ஆனா அனாட்டமி, மைக்ரோபயாலஜி எல்லாம் முதல்லேர்ந்து படிக்கணும். நர்ஸ் ஆகணும்னு தான் ஆசைன்னா அந்த ஆறு மாசத்துல கம்யூனிட்டி காலேஜ்ல அனாட்டமிக்கு சேர்ந்துடுங்க, காசும் மிச்சம், அந்த கிரெடிட்டும் உங்களோடயே வரும்.